தாய்மாமன் சீரில் ஒரு பிளக் பாயிண்ட்

ஜாதகக் கடை

என் கடைக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கேட்டு வருகிறவருக்கு நான் உடனே எடுத்துக் கொடுத்ததில்லை. "என்ன மாட்டப் போறீக?" என்று முதலில் கேட்பேன். பதில் வந்த பிறகுதான் என் கை ரேக் பக்கம் போகும்.

சின்னமனூரில் கடை திறந்த முதல் நாளே இது தொடங்கிவிட்டது. பூஜைக்கு உடைத்த தேங்காய் மேஜையில் இருக்கும்போதே வாழைக்காய் மண்டிக்காரர் ஒருவர் வந்து ஒரு பாக்ஸ் கேட்டார். நான் என் கேள்வியைக் கேட்டேன். அவர் கடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, ஆம்பளை ஆள் யாரும் இல்லையா என்றார். ஐ.டி.ஐ.யில் ஒயர்மேன் டிரேடு முடித்தவள் நான்தான், கடையும் என்னுடையதுதான் என்றேன். "பாக்ஸ் கேட்டா ஜாதகம் கேக்குதே இந்தப் பிள்ள" என்று சொல்லிக்கொண்டே எதிர்க் கடைக்குப் போய்விட்டார். அந்தப் பேச்சு மார்க்கெட் முழுக்கப் பரவி, போர்டில் நான் எழுதி வைத்த பெயரை யாரும் சொல்லாமல் 'ஜாதகக் கடை' என்றே சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. கடைக்கு ஒரு பெயர் கிடைத்ததே என்று இருந்தது.

கேள்வியில் அர்த்தம் இருக்கிறது. போன் சார்ஜர் மாட்டுகிற பாக்ஸும் இன்டக்‌ஷன் அடுப்பு மாட்டுகிற பாக்ஸும் ஒன்றல்ல. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உள்ளே இருக்கிற ஒயரின் கனம் வேறு. மெல்லிய ஒயரில் பெரிய லோடு போனால் ஒயர் சூடாகும். சூட்டில் மேல்தோல் இளகும். அதற்குப் பிறகு தீப்பிடிக்குமா, ஷாக் அடிக்குமா என்பது அந்த வீட்டுக்காரர்களின் அன்றைய நேரத்தைப் பொறுத்தது. மாட்டப் போவது என்ன என்று தெரியாமல் நான் எப்படி எடுத்துக் கொடுப்பது?

முழங்கால் தேய்ந்துவிட்டதால் இப்போது ஏணி ஏறுவதை விட்டுவிட்டேன், கடைப் பையன்கள் ஏறுகிறார்கள். வாய் மட்டும் தேயவில்லை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என் அனுபவத்தைக் கேட்டால் பெரிய மில் வேலையையோ, ரைஸ் மில் பேனல் போர்டையோ நான் சொல்வதில்லை. மார்க்கையன்கோட்டையில் ஒரு காதுகுத்து வீட்டில் போட்ட ஒரே ஒரு பிளக் பாயிண்டைப் பற்றித்தான் சொல்வேன்.

ஓடாத கிரைண்டர்

காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிற பெருமாள்சாமி அண்ணன் ஒரு நாள் கடைக்கு வந்தார். நீளமாக ஒரு ஒயர், மூன்று பாக்ஸ் வேண்டும் என்றார். என்ன மாட்டப் போகிறீர்கள் என்றேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மிக்ஸி, பிரிட்ஜ், வாஷிங் மெஷின், இன்டக்‌ஷன் அடுப்பு, ஏர் கூலர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மார்க்கையன்கோட்டையில் வாக்கப்பட்டிருக்கிற அவருடைய தங்கச்சி ஈஸ்வரியின் பிள்ளைகளுக்குக் காதுகுத்து. இவர் தாய்மாமன். எல்லாம் அவர் கொண்டு போகிற சீர்.

"பந்தல்ல வரிசையா வச்சு, அம்புட்டும் ஒரே நேரத்துல ஓடணும் ஆத்தா. வந்தவுக எல்லாரும் கண்ணால பாக்கணும்" என்றார்.

சீர்ச் சாமானை அடுக்கி வைப்பது நம் பக்கத்து வழக்கம்தான். ஓட்டிக் காட்டச் சொல்லி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. எதற்கு என்று கேட்டேன். அப்போதுதான் கதை வெளியே வந்தது.

ஈஸ்வரியின் கல்யாணத்துக்கு இவர் பெரிய தரை கிரைண்டர் ஒன்றைச் சீராகக் கொடுத்திருக்கிறார். அந்த வீட்டில் அதைப் பின்கட்டில் வைத்து, முதல் முறையாக ஊறவைத்த அரிசியைப் போட்டு சுவிட்சைப் போட்டதும், 'ம்ம்ம்' என்று உறுமியதே தவிரக் கல் சுற்றவில்லை. வந்த புதுப்பெண் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவள் நாத்தனார் பாண்டியம்மா, "ஒங்க அண்ணன் பேச்சுத்தான் ஓடும்போல, கிரைண்டர் ஓடாது" என்று கேலி செய்திருக்கிறார். முறைக்காரி செய்கிற கேலிதான், யாரும் தப்பு சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேலி அன்றோடு நிற்கவில்லை. ஒவ்வொரு விசேஷத்திலும் ஈஸ்வரி பிறந்த வீட்டுக்கு 'ஓடாத கிரைண்டர் குடுத்த வீடு' என்றே பேச்சு. பெருமாள்சாமி வேறு கிரைண்டர் வாங்கித் தருகிறேன் என்று சொல்லியும் அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். வேண்டாம் என்றதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

அந்த கிரைண்டரை ரிப்பேருக்காவது கொடுத்தார்களா என்று கேட்டேன். கொடுக்கவில்லையாம். சீர்ச் சாமானை மெக்கானிக் கடையில் கொண்டுபோய் வைத்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று ஈஸ்வரியே தடுத்து, அதன்மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடிவிட்டாள். மானத்துக்குப் பயந்து மூடி வைத்ததை யாரும் திறந்தே பார்க்கவில்லை.

எனக்கு மனசு இளகியது. இருந்தாலும் ஒயர் இளகக்கூடாது அல்லவா. வீட்டுக்குள் சுவிட்ச் போர்டில் இருக்கிற சின்னப் பிளக்கிலிருந்து ஒயர் இழுத்து, பாக்ஸுக்குள் பாக்ஸ் சொருகி இத்தனையும் ஓட்டினால் தாங்காது என்று சொன்னேன். வீட்டைப் பார்க்காமல் சாமான் தரமாட்டேன் என்றும் சொன்னேன். அவர் எழுந்துகொண்டார். "உன் ஜாதகத்த நீயே வச்சுக்க ஆத்தா. பந்தக்காரரே பாத்துக்கிருவாரு" என்று வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.

விசேஷத்துக்கு முந்தின நாள் ஈஸ்வரி கடைக்கு வந்தாள். பத்திரிகை வைக்க வந்தவள் மாதிரி வெற்றிலை பாக்கோடு வந்தாள். அண்ணன் கோபித்துக்கொண்டு போனது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"எங்க அண்ணன் மொகம் அங்கன சுண்டிப் போயிறக் கூடாதுக்கா. எம் பிள்ளைக ஓடியாடுற எடத்துல ஆபத்தும் கெடக்கக் கூடாது. எனக்கு ரெண்டும் வேணும்" என்றாள்.

ரெண்டும் வேணும் என்று ஒருத்தி நெஞ்சை நிமிர்த்திக் கேட்டால் எனக்குப் பிடிக்கும். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜமுக்காளத்துக்கு அடியில்

காலையில் போனபோது பந்தல் நிறைந்திருந்தது. வாசலில் தூசி அடங்கத் தண்ணீர் தெளித்து, அதன்மேல் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். காதுகுத்தப் போகிற பிள்ளைகளும் அவர்கள் வயதுப் பிள்ளைகளும் வெறுங்காலோடு அதன்மேல் ஓடிக்கொண்டிருந்தார்கள். சீர் இன்னும் வரவில்லை. தெருக்கோடியில் மேளச் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது.

நான் சாமான் பையைக் கீழே வைத்துவிட்டு ஒயர் எங்கே போகிறது என்று பார்த்தேன். ஹாலில் இருந்த சின்னப் பிளக்கிலிருந்து கிளம்பி, வாசற்படியைத் தாண்டி, ஜமுக்காளத்துக்கு அடியில் போயிருந்தது. யாரும் கால் தடுக்கி விழக்கூடாது என்று மூடியிருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஒயரைக் கண்ணில் படாமல் மூடினால் அது சூடாவதும் யார் கண்ணிலும் படாது. கால் மிதிபட்டு நசுங்குவதும் தெரியாது.

ஜமுக்காளத்தை மடக்கித் தூக்கினேன். முதல் பாக்ஸில் இரண்டாவது பாக்ஸ், அதில் மூன்றாவது. மூன்றாவதில் ஸ்டாண்ட் பேன்களும், சமையல் கொட்டகையில் தேங்காய் அரைக்கிற பெரிய மிக்ஸியும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. மிச்ச ஒயரை அவிழ்க்காமல் வளையமாகச் சுற்றி மூலையில் வைத்திருந்தார்கள். சுற்றிக் கிடக்கிற ஒயர் சூட்டை வெளியே விடாது. புறங்கையை மேலே வைத்துப் பார்த்தேன். சீர் வந்து சேர்வதற்கு முன்பே அது சுட்டது. ரெண்டே கோர், அதாவது உள்ளே ரெண்டு கம்பி மட்டும் உள்ள ஒயர் அது. கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற எர்த் இழுக்கவே இல்லை. பாக்ஸில் இருந்த மூன்றாவது ஓட்டை சும்மா அழகுக்கு. ஈரத் தரை, எர்த் இல்லாத வாஷிங் மெஷின், வெறுங்காலில் பிள்ளைகள். இதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. நேராக மீட்டர் போர்டுக்குப் போய் மெயினை அமர்த்தினேன்.

பாட்டு பாதியில் நின்றது. பேன்கள் ஓய்ந்தன. கரண்டு போயிருச்சு என்று பந்தலே முனகியது. அந்த நேரம் பார்த்துச் சீர் தெருவுக்குள் திரும்பியது. முன்னால் மேளம், பின்னால் தட்டு சுமந்த பெண்கள், அதற்குப் பின்னால் மினி லாரியில் பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் மாலை போட்டுக்கொண்டு நின்றன. பட்டு வேட்டியில் பெருமாள்சாமி நடந்து வந்தார்.

"யாரு மெயின அமத்துனது?"

"நான்தாண்ணே."

என்னைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்துவிட்டது. உறவுக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசல் தூணில் சாய்ந்து நின்ற பாண்டியம்மா, "சீரு வருது பின்னே, கரண்டு போச்சு முன்னே" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிச் சிரித்தது எனக்கே கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும்.

நான் அவரை ஓரமாக அழைத்துப் போகவில்லை. ஒளித்துப் பேசுகிற விஷயமில்லை. அவர் கையைப் பிடித்து ஒயரைத் தொட வைத்தேன். மெயின் அமர்ந்திருந்தாலும் சூடு இன்னும் இறங்கவில்லை. வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டார்.

"பேனுக்கும் மிக்ஸிக்குமே இம்புட்டுச் சூடு. நீங்க கொண்டாந்ததையும் மாட்டுனா முதல்ல ஓடுறது தீயாத்தாண்ணே இருக்கும்" என்றேன்.

அவர் சுட்ட விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "அப்ப எஞ் சீரு ஊமையா நிக்கணுங்கிறியா?" என்று கேட்டார். கோபத்தில் கேட்டிருந்தால் எனக்குப் பதில் சுலபமாக வந்திருக்கும். அவர் கோபமாகக் கேட்கவில்லை.

"நிக்காதுண்ணே. பிள்ளைகளுக்குக் காது குத்தி, முதப் பந்தி எந்திரிக்கிறதுக்குள்ள நான் புது லைன் போட்டுருவேன். எல்லாத்தையும் ஒரே நேரத்துல ஓட்ட வேணாம். ஒண்ணொண்ணா, மைக்குல பேரு சொல்லி ஓட்டுவோம்."

"ஓடலைன்னா?"

"ஓடலைன்னா எங் கடைக்கு இனி வேற ஆளு வந்துதான் சாவி போடணும்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தப் பந்தலில் எங்கள் பக்கத்துப் பாதிச் சனம் இருந்தது. அங்கே நான் சொதப்பினால் அப்புறம் ஒரு பல்பு மாட்டக்கூட என்னை யாரும் கூப்பிடமாட்டார்கள். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் துண்டை எடுத்துத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, "சரி, செய்யி" என்றார்.

கடப்பாரை, கரி, கல்லுப்பு

பந்தலுக்குப் போன ஒயரைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்கு மட்டும் கரண்டு கொடுத்தேன். பந்தல்காரர் முதலில் முறைத்தார். ஏணியைப் பிடிங்க என்றதும் வந்து பிடித்தார். பிறகு அவரே பைப்புக்குக் கிளாம்பு அடித்தார்.

வேலை இதுதான். மீட்டர் போர்டு பக்கத்தில் சின்னப் பெட்டி ஒன்று வைத்து, அதில் லோடு அதிகமானால் விழுகிற எம்.சி.பி. ஒன்று, கரண்டு கசிந்தால் விழுகிற ஆர்.சி.சி.பி. ஒன்று. அங்கிருந்து இரண்டரை ஸ்கொயர் கனத்தில் காப்பர் ஒயரை பைப்புக்குள் இழுத்து, முன்சுவரில் ஆள் இடுப்புக்கு மேலே பதினாறு ஆம்ப்ஸ் சுவிட்சும் பிளக்கும். தரையில் ஒயர் இல்லை. ஜமுக்காளம் இல்லை. பாக்ஸே இல்லை.

எர்த்தைச் சோதித்தபோதுதான் இடித்தது. எர்த் சரியாக இருந்தால் எரிய வேண்டிய டெஸ்ட் லேம்ப் எரியவே இல்லை. எர்த் ஒயர் எங்கே போகிறது என்று பிடித்துக்கொண்டே போனேன். அது சுவரில் அடித்த ஒரு ஆணியில் போய் முடிந்திருந்தது. அந்த ஆணியில் காலண்டர் தொங்கியது. வீடு கட்டின நாளிலிருந்து அந்த வீட்டு எர்த் காலண்டரைத்தான் காப்பாற்றியிருக்கிறது.

முன்பக்கம் தென்னை மரத்தடியில், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போய் மண் எப்போதும் நனைந்தே இருக்கிற இடத்தைக் காட்டி, அங்கே குழி வேண்டும் என்றேன். யாரிடம் சொல்வது என்று பார்த்தேன். பெருமாள்சாமி தன் பங்காளிகளைப் பார்த்து, "ஏலே, கடப்பாரைய எடுங்கடா" என்றார். சீர் கொண்டுவந்த ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டி, பட்டுச் சட்டையைக் கழற்றித் தென்னையில் தொங்கவிட்டுவிட்டுத் தோண்டினார்கள். திராட்சைத் தோட்டத்தில் கல்லுக்கால் நட்டுப் பழகிய கைகள். கேட்ட ஆழம் சீக்கிரமே வந்துவிட்டது. எர்த் பைப்பை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்புமாகப் போட வேண்டும். கரி சமையல் கொட்டகையில் இருந்தது. கல்லுப்பு கேட்டதற்குச் சமையல்காரர், சாம்பாருக்கா குழிக்கா என்று சண்டைக்கு வந்தார். குழிக்கு அளந்து போட்டது போக மிச்சத்தைச் சாம்பாருக்குக் கொடுத்தேன். குழியில் தண்ணீர் ஊற்றிக் கொஞ்சம் ஊறவிட்டு லேம்பை மாட்டினேன். பளிச்சென்று எரிந்தது. அவசரத்துக்கு இது போதும், அடுத்த வாரம் வந்து இன்னும் ஆழமாகப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லி, அப்படியே செய்தும் கொடுத்தேன்.

அவர்கள் தோண்டிக்கொண்டிருந்த நேரத்தில் நான் இன்னொரு காரியம் செய்தேன். ஹாலிலிருந்து பின்கட்டுக்கு ஒரு பழைய ஒயர் சுவரோரமாகப் போய்க்கொண்டிருந்தது. காலிங் பெல் ஒயர் மாதிரி மெல்லிசு. வழியில் இரண்டு இடத்தில் முறுக்கி, டேப் சுற்றி ஒட்டுப் போட்டிருந்தார்கள். அது போய் முடிகிற இடத்தில் சாக்கு மூடி, மேலே வெங்காயக் கூடை வைத்து அந்தக் கிரைண்டர் நின்றது.

எனக்கு லேசாகப் பொறி தட்டியது. அந்த ஒயரின் கடைசியில் மீட்டரை வைத்துப் பார்த்தேன், வோல்டேஜ் சரியாக இருந்தது. கூடவே ஈஸ்வரியின் அயர்ன் பாக்ஸை ஒரு நொடி மாட்டிப் பார்த்தேன். வோல்டேஜ் பொத்தென்று விழுந்தது. லோடு இல்லாதபோது யோக்கியமாக இருக்கிற ஒயர், லோடு வந்ததும் கையை விரித்துவிடும். அந்த வோல்டேஜில் பெரிய மோட்டார் உறுமும், கிளம்பாது.

அயர்ன் பாக்ஸைப் பிடுங்கிவிட்டு சாக்கை எடுத்தேன். பெல்ட்டைக் கழற்றிக் கையால் சுற்றினேன். இறுக்கமாக இருந்தாலும் சுற்றியது. எண்ணெய் விட்டுத் திரும்பத் திரும்பச் சுற்றினேன். மோட்டார் ஒயரிங்கில் கசிவு இருக்கிறதா என்று சீரீஸ் லேம்பில் வைத்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பெல்ட்டை மாட்டிவிட்டு, பெருமாள்சாமியிடம் போய், இந்தக் கிரைண்டரையும் முன்னால் தூக்கிவரச் சொல்லுங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அத எதுக்கு ஆத்தா? இருக்கிற மானமும் போறதுக்கா?"

"என்னைய நம்புங்கண்ணே."

அவர் நம்பினாரா தெரியாது. ஆனால் தூக்கி வரச் சொன்னார்.

மைக்கில் பெயர் சொல்லி

காது குத்தி முடிந்தது. மாமன் மடியில் உட்கார்ந்து அழுத பிள்ளைகள் கையில் மிட்டாயோடு சமாதானமானார்கள். முதல் பந்தி எழுந்தது. மைக்செட்காரர் தன் பேட்டரியில் மைக்கைத் திறந்தார். நான் புதுப் பிளக் பக்கத்தில் டெஸ்டரோடு நின்றேன்.

ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார்கள். மிக்ஸியை மாட்டினேன், தேங்காய்ச் சட்னி அரைத்துக் காட்டினோம். இன்டக்‌ஷன் அடுப்பில் பால் வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். ஏர் கூலர் முன்னால் பெரியவர்கள் வந்து நின்று காற்று வாங்கினார்கள். வாஷிங் மெஷின் சுற்றியபோது, குழி தோண்டி மண்ணாகிப்போன வேட்டிகளை அதில் போடச் சொல்லி ஒரே சிரிப்பு. லாரியில் ஆடி வந்த பிரிட்ஜைக் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்க விட்டுத்தான் போட வேண்டும் என்று நான் சொன்னதை, பிரிட்ஜ் ஓய்வெடுக்கிறது என்று மைக்கில் மரியாதையாக அறிவித்தார்கள். ஒரே நேரத்தில் எல்லாம் ஓடியிருந்தால் வெறும் இரைச்சலாகத்தான் இருந்திருக்கும். ஒன்றொன்றாக ஓடியதால் ஒவ்வொன்றையும் சனம் நின்று பார்த்தது. பெருமாள்சாமிக்கு அது புரிந்துவிட்டது. அவர் நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்வதைப் பார்த்தேன்.

கடைசியில் கிரைண்டரைப் பிளக் பக்கம் நகர்த்தினார்கள். அந்தக் கிரைண்டரின் கதை தெரியாதவர்கள் அங்கே யாரும் இல்லை. பாண்டியம்மா தூணை விட்டு முன்னால் வந்துவிட்டார். ஈஸ்வரி வாசற்படியில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். நான் கல்லைப் பொருத்தி, சமையல்காரர் ஊறவைத்திருந்த அரிசியில் இரண்டு கை அள்ளிப் போட்டு, தண்ணீர் விட்டேன். கையைத் துடைத்துவிட்டு சுவிட்சைப் போட்டேன்.

சுற்றியது. உறுமவில்லை, தயங்கவில்லை. கல் கடகடவென்று சுற்றி, அரிசி மாவாக ஓரத்தில் ஏற ஆரம்பித்தது.

யாரும் கை தட்டவில்லை. பெருமாள்சாமி கிட்டே வந்து ஓடுகிற கிரைண்டரின் மேல் கை வைத்தார். எர்த் இருந்ததால் நானும் தடுக்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. எப்படி என்று வாயால் கேட்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"மோட்டாரு அன்னைக்கும் நல்லாத்தாண்ணே இருந்துச்சு. கரண்டுதான் அது வரைக்கும் வந்து சேரல" என்றேன்.

மைக் பக்கத்தில் இருந்திருக்கிறது. நான் சொன்னது பந்தல் முழுக்கக் கேட்டது. எனக்குத் தெரியாமல் நடந்ததுதான். தெரிந்திருந்தாலும் தள்ளி நின்றிருக்கமாட்டேன்.

அதற்கு அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பெருமாள்சாமி மைக்கை வாங்கினார். பேசிப் பழகாத மனுஷன். "இந்தச் செவத்துல இருக்கிற லைனும் எங்க வீட்டுச் சீருதான். தாய்மாமன் சீரு" என்று சொல்லிவிட்டு மைக்கைக் கொடுத்துவிட்டார். ஒரு பெண் ஓடிவந்து அந்தப் பிளக் பாயிண்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கப் போனாள். ஓட்டைக்குள் வைத்துவிடப் போகிறாள் என்று பதறி, பைப்பின் மேல் வைக்கச் சொன்னேன்.

லைன் வைத்த வீடு

அன்றைக்கு நான் பட்ட பெருமையை மறைத்துப் பேசத் தெரியாது. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன், மறுநாள் கடைக்கு வந்தவர்களிடம் சொன்னேன், இப்போது உங்களிடமும் சொல்கிறேன். நான் ஒரு பாக்ஸ்கூட விற்காமல் வந்த பெருமை அது.

அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தில் சீர் வரிசையில் லைன் சேர்ந்துகொண்டது. பண்ணைப்புரத்தில் ஒரு மாமன், வாஷிங் மெஷினுக்குக் குளியலறைப் பக்கம் தனி பாயிண்ட் போட்டு, அதையும் சீரோடு சொல்லச் சொன்னார். இன்னொரு இடத்தில் இரண்டு மாமன்கள் போட்டி போட்டுக்கொண்டு ஆளுக்கொரு லைன் வைத்தார்கள். எனக்கு ஏணி ஏறி ஏறி முழங்கால் போனது இப்படித்தான். போகட்டும், நல்ல காரியத்துக்குத்தான் போனது.

பாக்ஸே வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. இன்றும் விற்கிறேன். டிவிக்கும் சார்ஜருக்கும் டேபிள் பேனுக்கும் நல்ல மூணு கோர் ஒயர் பாக்ஸ் ஒன்று வீட்டில் இருக்கலாம். ஒயரை முழுக்க அவிழ்த்துப் போட வேண்டும், பாயாலோ ஜமுக்காளத்தாலோ மூடக்கூடாது, ஒரு பாக்ஸில் இன்னொன்றைச் சொருகக்கூடாது. பிளக்கைப் பிடித்துக் கழற்ற வேண்டும், ஒயரைப் பிடித்து இழுக்கக்கூடாது. மூணாவது பின் இடைஞ்சலாக இருக்கிறது என்று உடைத்துவிட்டு வருகிறவர்களை நான் கடைக்குள் விடுவதே இல்லை. சூடு கிளப்புகிற சாமானுக்கும் பெரிய மோட்டாருக்கும் சுவரில் தனி பாயிண்ட்தான். பிளக் சுட்டாலோ கருகினாலோ, கரண்டுதான் இருக்கிறதே என்று விட்டுவிடாமல் உடனே அமர்த்த வேண்டும். இதெல்லாம் எல்லா ஒயர்மேன்களும் சொல்வதுதான்.

நான் கூடுதலாகக் கற்றது ஒன்று உண்டு. வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு ஒயர்மேன் வந்துவிடக்கூடாது. கேட்டு வந்தவருக்கு எது வேண்டும் என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். பெருமாள்சாமிக்கு வேண்டியிருந்தது மூன்று பாக்ஸ் அல்ல, தங்கச்சி வீட்டில் தலை நிமிர்வது. அதற்கு வழி காட்டியபோதுதான் மனுஷர் அந்த ஒயரை விட்டுக்கொடுத்தார்.

போன மாதம் பாண்டியம்மா கடைக்கு வந்திருந்தார். அன்றைக்குப் பிறகு அவர் என் கடைப் பக்கம் வந்ததே இல்லை. தன் மகளுக்குக் கல்யாணம் வைத்திருப்பதாகச் சொன்னார். மகள் போகிற வீட்டில் ஒரு லைன் போட்டுத் தர வேண்டுமாம். எப்படிப்பட்ட லைன் என்று கேட்டேன்.

"எங்க ஈஸ்வரி வீட்டுல இருக்குல்ல, அவுக அண்ணன் போட்டுக் குடுத்தது. அதே மாதிரி" என்றார்.

எங்க ஈஸ்வரி என்றார். அவுக அண்ணன் என்றார். ஓடாத கிரைண்டர் என்ற வார்த்தை எங்கேயும் வரவில்லை. நான் பேனாவை எடுத்துக்கொண்டு என் பழைய கேள்வியைக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"தெரியும் தாயி, ஜாதகம் கேப்பீக. எழுதிக்கங்க. மொதல்ல கிரைண்டரு."